உறங்கும் வீட்டில் விழித்திருக்க ஒரு கருவி

கோலாலம்பூர் அத்தாப்புக் கூரைகளும் மரச்சுவர்களுமாக இருந்த காலத்தில், 1881 ஜனவரியில் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம் மிச்சத்தையும் சிதைத்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழ வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட கப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகள் அமைத்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1883-இல் எச்.எஃப். பெல்லமி தலைமையில் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படையும் உருவானது. ஒரு தீ நகரத்தின் சுவர்களையே மாற்றிவிட்டது.

சுவர் மாறி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. செங்கல் எரியாது. ஆனால் செங்கல்லுக்கு உள்ளே இருப்பவை எரியும். அதுவும் அன்றைய அத்தாப்பைவிடக் கொடிய புகையோடு எரியும். ஸ்பாஞ்ச் வைத்த சோபா, மெத்தை, பாலியஸ்டர் திரைச்சீலை, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த அலமாரி, பிளாஸ்டிக் உறை போட்ட டிவி, இரவெல்லாம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் லித்தியம் பேட்டரிகள் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு சராசரி வரவேற்பறையே எரிபொருள் கிடங்காகிவிட்டது. அமெரிக்காவின் யுஎல் தீப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பழைய பாணி அறையையும் புதிய பாணி அறையையும் அருகருகே அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தீப்பிடித்த வீட்டிலிருந்து தப்பிக்கச் சுமார் 17 நிமிடங்கள் இருந்தன, இன்று மூன்று நிமிடங்களோ அதற்கும் குறைவோதான் என்பது அதன் கணக்கு.

அந்த மூன்று நிமிடத்தில் ஆள் விழித்திருந்தால் ஓடலாம். உறங்கிக்கொண்டிருந்தால்?

புகை வந்தால் நெடி மூக்கில் ஏறும், எழுந்துவிடுவோம் என்பது பலரின் நம்பிக்கை. இது தவறு. 2004-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன், ரேச்சல் ஹெர்ஸ் இருவரும் உறங்குபவர்களுக்கு அருகே வாசனைகளைச் செலுத்திச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று, எரியும் பொருள்களின் நெடியை ஒத்த பிரிடின் என்ற வேதிப்பொருள். ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தவர்களை எந்த வாசனையும் எழுப்பவில்லை, ஒலி எழுப்பியது. உறங்கும் மனிதனுக்கு மூக்கு வேலை செய்வதில்லை, காது வேலை செய்கிறது. வீட்டுத் தீயில் சாகிறவர்களில் பலர் சுடரால் சாவதில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும், ஸ்பாஞ்ச் எரியும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சயனைடும் அவர்களை விழிக்கவிடாமலே கொன்றுவிடுகின்றன. புகை உணர்கருவி செய்வது ஒரே வேலைதான்: மூக்கு அறிய முடியாததைக் காதுக்குச் சொல்கிறது.

கருவியின் கதை தற்செயலில் தொடங்குகிறது. 1930-களின் இறுதியில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்ட்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவுக்கு அது அசையவே இல்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், முள் நகர்ந்தது. அமெரிக்காவில் டுவேன் பியர்சாலும் ஸ்டான்லி பீட்டர்சனும் 1965-இல் பேட்டரியில் இயங்கும் மலிவான வீட்டுக் கருவியை வடிவமைத்தார்கள்; 1970-களின் நடுவில் அது கடைகளுக்கு வந்தது. அதன்பின் வீட்டுக்கு வீடு பரவிய வேகம் பெரிது. 1980-க்குப் பிறகு அமெரிக்க வீட்டுத் தீ மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்நாட்டுத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் புள்ளிவிவரம் ஒன்றைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அங்கே வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூவர், கருவி இல்லாத வீடுகளிலோ கருவி இருந்தும் இயங்காத வீடுகளிலோ இறக்கிறார்கள்.

கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. அயனி வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு மைக்ரோகிராமிலும் குறைவான அளவில் இருக்கும். சுடர்விட்டு வேகமாக எரியும் தீயை அது சற்று முன்னதாகக் கண்டுகொள்ளும். ஒளி வகையில் கதிரியக்கம் கிடையாது. மூடியைத் திறந்து பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வளைந்து வளைந்து செல்லும் ஒரு சிறு அறை தெரியும். ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்கு. அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஓர் உணரி. புகை இல்லாதவரை உணரிக்கு ஒளியே தெரியாது. புகைத் துகள் நுழைந்தால், சன்னல் வழி விழும் வெயிலில் தூசு மின்னுவதுபோல, ஒளி சிதறி உணரியில் விழும், மணி அலறும். மெத்தையில் விழுந்த சிகரெட் துண்டு, சாய்ந்துவிட்ட கொசுவர்த்திச் சுருள், சூடேறிக் கருகும் மின்கம்பி போல நெடுநேரம் புகைந்து பிறகு பற்றும் தீயை இது நன்றாகக் கண்டுபிடிக்கும். வீட்டின் உறங்கும் பகுதிக்கு ஒளி வகையே பொருத்தம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கிள்ளானில் ஏதாவது ஒரு தாமானில் இரவில் நடந்து பார்த்தால், மலேசியக் குடும்பம் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பது கண்முன் தெரியும். தானியங்கிக் கேட், வாசலில் இரும்புக் கிரில், சன்னல்தோறும் கிரில், கண்காணிப்புக் கேமரா, சில வீடுகளில் திருட்டு அலாரம். ஆயிரக்கணக்கான ரிங்கிட் அதில் போகிறது. கூரையை நிமிர்ந்து பார்த்தால் விசிறியும் விளக்கும்தான் இருக்கும். தனித்து இயங்கும் ஒரு புகை உணர்கருவி நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. பணம் தடை அல்ல. வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றியே யோசித்துப் பழகிய மனம், உள்ளே பிறக்கும் ஆபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டமும் அந்த மனத்தை அசைக்கவில்லை. மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் ஒருசீரான கட்டட உபசட்டங்கள், கட்டடத்தின் வகை, மாடி, பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து எங்கே என்ன தீப்பாதுகாப்பு வேண்டும் என்று சொல்கின்றன. 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் விடுதி, மருத்துவமனை, தொழிற்சாலை, பேரங்காடி போன்ற குறிப்பிட்ட இடங்களுக்குத் தீச்சான்றிதழைக் கட்டாயமாக்கி, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. தனிக் குடும்பம் வாழும் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டி, கைமாறி, சமையலறையை நீட்டி, மாடியில் ஓர் அறை கூட்டி, பழைய ஒயரிங்கிலேயே நான்கு ஏர்கோன் ஓடும் வரிசை வீட்டின் உரிமையாளரைப் பார்த்து, கூரையில் ஒரு கருவியை மாட்டு என்று எவரும் கட்டளையிடுவதில்லை. தீயணைப்பு மீட்புத் துறை, மக்கள் வாயில் பொம்பா, அறிவுரை சொல்கிறது. அறிவுரையை ஏற்பதும் விடுவதும் வீட்டுக்காரர் விருப்பம்.

ஜொகூர் பாலத்தைக் கடந்தால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகள் அனைத்திலும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம்; அனுமதிக்கு வரைபடம் கொடுத்துப் புதுப்பிக்கும் பழைய வீடுகளுக்கும் அது பொருந்தும். ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2006-இல் புதிய வீடுகளில் தொடங்கி, 2011 நடுப்பகுதிக்குள் பழைய வீடுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட 2017 கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் பிறகு ஸ்காட்லாந்து விதியைக் கடுமையாக்கியது. 2022 பிப்ரவரி 1 முதல் அங்கே ஒவ்வொரு வீட்டின் வரவேற்பறையிலும், ஒவ்வொரு மாடியின் நடையிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம் இருக்க வேண்டும். ஒன்று அலறினால் எல்லாம் சேர்ந்து அலற வேண்டும். ஜப்பானும் ஸ்காட்லாந்தும் தொட்டது பழைய வீடுகளை. மலேசியா யோசிக்க வேண்டிய இடமும் அதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மக்கள் உறங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளில்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. தமிழ்க் குடும்பத்தில் இந்தக் கருவி தோற்றுப்போவது பெரும்பாலும் மாட்டிய இடத்தால்தான்.

நம் வீட்டில் புகை விருந்தாளி அல்ல, குடும்பத்தில் ஒன்று. காலையில் சாமி மேடையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூர ஆரத்தி. சமையலறையில் கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் வெடிக்கும் தாளிப்பு, சம்பல் வதக்கும் நெடி, கருவாடு பொரிக்கும் புகை. சமையலறை வாசலுக்கு நேர் மேலே கருவியை மாட்டினால் மதியமும் இரவும் அலறும். முதல் வாரம் துண்டை வீசி விசிறுவார்கள். இரண்டாம் வாரம் நாற்காலி போட்டு ஏறிப் பேட்டரியைக் கழற்றுவார்கள். மூன்றாம் வாரம் அந்தக் கருவி கூரையில் ஒட்டிய வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். அமெரிக்கப் புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. தீப்பிடித்தும் ஒலிக்காத கருவிகளில் ஐந்தில் இரண்டு, பேட்டரி கழற்றப்பட்டோ இணைப்பு துண்டிக்கப்பட்டோ இருந்தவை. குறை சமைப்பவரிடமும் இல்லை, கும்பிடுபவரிடமும் இல்லை. இடம் தப்பு.

அடுப்பிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாமல் தள்ளி மாட்ட வேண்டும். நம் சமையலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் நல்லது. சமையலறைக்குள்ளேயே ஒன்று வேண்டும் என்றால் அது புகை உணர்கருவியாக இருக்கக் கூடாது. சுமார் 57 பாகை செல்சியஸில் ஒலிக்கும் வெப்ப உணர்கருவியே சரி. தாளிப்பு அதைத் தொடாது, சட்டி பற்றிக்கொண்டால் அது ஒலிக்கும். சாமி மேடை வரவேற்பறையில் இருந்தால் கருவி அதற்கு எதிர்க்கோடியில் இருக்கட்டும். குளியலறைக் கதவருகே மாட்டினால் சுடுநீர் ஆவிக்கே அலறும். விசிறியின் இறக்கை நுனியிலிருந்தும் ஏர்கோன் காற்று வீசும் வழியிலிருந்தும் ஒரு மீட்டராவது ஒதுங்க வேண்டும். அங்கே வேகமாக ஓடும் காற்று புகையைக் கருவிக்குள் நுழையவிடாமல் தள்ளிவிடும். சுவரும் கூரையும் கூடும் மூலையில் காற்று தேங்கி நிற்பதால் அங்கும் புகை தாமதமாகவே வரும். ஆகவே கூரையில், மூலையிலிருந்து ஓரடியாவது தள்ளி மாட்டலாம். ஒட்டும் டேப்பை நம்ப வேண்டாம். நம் ஈரப்பதத்தில் டேப் ஒரு நாள் கழன்று விழும். இரண்டு திருகாணி போதும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

எத்தனை வேண்டும்? கிள்ளான் பள்ளத்தாக்கின் இரண்டு மாடி வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வரவேற்பறையும் சமையலறையும். மேலே மூன்று படுக்கையறைகள். இரவில் எல்லா அறைக் கதவும் மூடியிருக்கும், ஏர்கோன் ஓடும், விசிறியும் சேர்ந்து சுழலும். கீழே வரவேற்பறையில் ஒற்றைக் கருவி அலறினால் மேலே உறங்குபவர் காதில் அது விழும் என்று உறுதி சொல்ல முடியாது. படிக்கட்டோ புகைபோக்கியாகி முதல் சில நிமிடங்களிலேயே புகையை மேல்மாடிக்கு ஏற்றிவிடும். அதனால் மாடிக்கு ஒன்று குறைந்தபட்சம். அறைக்கு ஒன்று சிறப்பு. ரேடியோ அலையால் ஒன்றோடொன்று பேசும் கருவிகள் வந்துவிட்டன. சுவரை உடைத்து ஒயர் இழுக்க வேண்டியதில்லை. கீழே உள்ளது புகையைக் கண்டதும் மேலே உள்ளதும் சேர்ந்து ஒலிக்கும். கையிருப்பு ஒன்றுக்கு மட்டும்தான் என்றால், படுக்கையறைகளுக்கு வெளியே, படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில் அதை மாட்டலாம்.

மூடிய கதவு ஒலியைத் தடுக்கிறது என்பதற்காகத் திறந்து வைத்து உறங்க வேண்டாம். யுஎல் நிறுவனம் இதையும் கொளுத்திப் பார்த்தது. கதவு திறந்திருந்த அறையில் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டியபோது, மூடியிருந்த அறையில் அது 40 பாகையை எட்டவில்லை. கதவு மூடியிருக்கட்டும், கருவி அறைக்குள்ளும் இருக்கட்டும்.

இன்னொரு தெளிவு தேவை. இந்தக் கருவி சமையல் வாயுக் கசிவை உணராது. நாம் பயன்படுத்தும் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அதற்கான உணர்கருவி தனி. அதைச் சுவரின் அடிப்பக்கம் பொருத்த வேண்டும். கூரையில் இருப்பது இதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பது ஆபத்து.

பராமரிப்பு என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை விளக்குமாற்றுக் காம்பால் சோதனைப் பொத்தானை அழுத்தினால் போதும். தரமான கருவி மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் ஒலிக்கும். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஊதுபத்தியைக் காட்டிச் சோதிக்கும் ஆசை பலருக்கு வரும், தீயைக் கொண்டு சோதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரி போட்ட கருவிக்கு ஆண்டுக்கு ஒரு முறை புதிய பேட்டரி. மூடி முத்திரையிட்ட, பத்தாண்டு உழைக்கும் லித்தியம் பேட்டரி வகையில் அந்தக் கவலையும் இல்லை. கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொள்ளும் வழியும் இல்லை. நள்ளிரவில் நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்று ஒரு சிறு ஒலி வந்தால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போவதும், காலையில் மறந்துபோவதும்தான் நடக்கிறது. கருவிக்கும் ஆயுள் உண்டு. தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டு. அந்தத் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று பதினைந்து ஆண்டு ஓட்டுவது தவறு. மணி அடிக்கும் பாகம் நன்றாயிருக்கலாம், புகையை முகரும் பாகம் முதுமை அடைந்திருக்கும்.

இங்குள்ள தட்பவெப்பத்துக்கே உரிய தொல்லைகள் சில உண்டு. எறும்பும் சிறு பூச்சியும் இருட்டான அந்த உள்ளறையைத் தேடிப் போகும். நுழைந்தால் உணரிக்கு அதுவும் புகைதான். பூச்சியைத் தேடிப் பல்லியும் வரும். சில மாதத்துக்கு ஒரு முறை வேக்குவம் முனையை வைத்து ஓரங்களை உறிஞ்சினால் தூசும் வலையும் போய்விடும். டிங்கிக் கொசுவை ஒழிக்க அடிக்கும் புகைமருந்து இன்னொரு சோதனை. அந்த எண்ணெய்ப் புகை வீட்டுக்குள் வந்தால் கருவி கட்டாயம் அலறும், உள்ளே பிசுபிசுப்பும் படியும். மருந்தடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டலாம். முடிந்த அன்றே அவிழ்த்துவிட வேண்டும். வீட்டுக்குச் சாயம் பூசும்போதும் இதே முறைதான். உறையை எடுக்க மறந்த கருவிக்கும் இல்லாத கருவிக்கும் வேறுபாடு கிடையாது.

புகைமூட்டக் காலத்தில் இது ஓயாமல் அலறாதா என்ற கேள்வி கிள்ளான்காரர்களுக்கு எழுவது நியாயம். 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை அந்த வட்டாரம் மறந்திருக்காது. நுரையீரலுக்கு அத்தனை கேடு செய்யும் அந்த மூட்டமும், கருவியை ஒலிக்கவைக்கும் அறைப் புகையோடு ஒப்பிட்டால் பல மடங்கு மெல்லியது. பொதுவாக அது மட்டும் மணியைத் தட்டாது. ஆனால் வாரக்கணக்கில் மிதக்கும் நுண்துகள் உள்ளே படிந்துவிடும். மூட்டம் விலகியதும் ஒரு முறை துடைத்து, பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு வேறு மாதிரியான அசட்டை. கீழே தீயணைப்புப் பலகை இருக்கிறது, மாடிதோறும் குழாய் இருக்கிறது, காவலர் இருக்கிறார், நமக்கென்ன என்ற எண்ணம். பொதுப் பகுதியின் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கூட்டு நிர்வாகக் குழுவுக்குப் போகிறது. சேவைக் கட்டணம் ஒழுங்காக வராத குடியிருப்புகளில் முதலில் நின்றுபோகும் செலவுகளில் இதுவும் ஒன்று. பொது நடையில் உள்ள கருவி எல்லாம் சரியாக இருந்தாலும் அது ஒலிப்பது புகை வீட்டுக் கதவைத் தாண்டி வந்த பிறகுதான். உள்ளே உறங்குபவருக்கு அது காலம் கடந்த செய்தி. ஆண்டுக் கூட்டத்தில் கார் நிறுத்துமிடத்துக்காக எழும் குரலில் பாதியாவது, தீயணைப்புப் பலகையைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்க எழலாம்.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைகளின் மேல்மாடிகளைப் பார்க்க வேண்டும். கீழே துணிக்கடை, பூக்கடை, உணவகம். மேலே பலகை வைத்துத் தடுத்த அறைகளில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களும் மாணவர்களும். இறங்க ஒரே குறுகிய படிக்கட்டு, அதன் அடியில் அட்டைப் பெட்டிகள். தீபாவளி நெருங்கும்போது சரக்கு இன்னும் குவியும். இப்படிப்பட்ட இடத்தில் கீழ்க்கடையில் ஒன்றும் மேல்மாடி அறைகளில் ஒன்றுமாக இணைந்து ஒலிக்கும் கருவிகளைப் பொருத்துவது கட்டட உரிமையாளரின் கடமை. வாடகை வாங்குபவர் அதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து வேலை செய்கிறார்கள். ஒய்.எம்.சி.ஏ. கேட்கும் திறனற்றோருக்கான மையம் நடத்துவதும் அங்கேதான். புகையைக் கண்ணால் காண முடியாதவருக்கு ஒலியே முழு எச்சரிக்கை. பேசும் குரலில் எந்த அறையில் தீ என்று சொல்லும் கருவி அவருக்கு மிகவும் உதவும். ஒலி கேட்காதவருக்குப் பளிச்சிடும் விளக்கும், தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் தட்டும் இணைந்த கருவிகள் உலகச் சந்தையில் இருக்கின்றன. அவற்றின் விலைதான் உறுத்தல். உதவித்தொகை கொடுக்கும் அமைப்புகள் சக்கர நாற்காலிக்கும் காதொலிக் கருவிக்கும் தருவதுபோல இதற்கும் தர வேண்டும்.

முதியவர்களையும் குழந்தைகளையும் பற்றித் தெரிந்துகொள்வது எல்லா வீட்டுக்கும் பொது. வயதாக ஆக முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகள்; வழக்கமான அலாரம் கத்துவது அந்தச் சுருதியில்தான். 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி அவர்களை நன்றாக எழுப்புகிறது. குழந்தைகளோ காது நன்றாக இருந்தும் எழுவதில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 34 குழந்தைகளின் உறக்கத்தில் வழக்கமான அலாரத்தை ஒலிக்கவிட்டபோது 27 பேர் எழவே இல்லை. தாழ்ந்த ஒலியும் மனிதக் குரலும் கலந்து ஒலித்தபோது பெரும்பாலோர் எழுந்தார்கள். ஆகவே கருவி ஒலித்ததும் பிள்ளைகள் தாமாக ஓடிவருவார்கள் என்று எண்ணக் கூடாது. யார் யாரை எழுப்பித் தூக்கிக்கொண்டு வருவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி கீழறையில் தனியாக உறங்கும் வீடுகளில் அவர்கள் பெயரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

எழுந்தாயிற்று. எந்த வழியாக வெளியேறுவது?

2017 செப்டம்பர் 14 விடியற்காலை. கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் உள்ள தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா சமயப் பள்ளியின் மேல்மாடியில் மாணவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வைக்கப்பட்ட தீ வெளியேறும் ஒரே வாசலை அடைத்துக்கொண்டது. சன்னல்களில் அசையாத இரும்புக் கிரில். 21 மாணவர்களும் 2 வார்டன்களுமாக 23 உயிர்கள் போயின. பிள்ளைகள் கிரிலைப் பிடித்து உதவி கேட்டுக் கத்தியதை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டதைப் படித்த தமிழ் வாசகருக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. வழி அடைபட்ட அறையில் உலகத்தின் சிறந்த புகை உணர்கருவி இருந்தாலும் பயன் குறைவு. கருவி தருவது நிமிடங்களை மட்டுமே. அந்த நிமிடங்களைப் பூட்டைத் தேடிச் செலவழித்தால் வாங்கியதே வீண்.

ஆகவே கருவி வாங்கும் அன்றே கிரிலையும் பார்க்க வேண்டும். மாடியில் ஒரு சன்னலின் கிரிலாவது உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் அரைநாள் வேலை. வாசல் கிரிலின் சாவி வீட்டுத் தலைவரின் கால்சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கக் கூடாது. வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே இருட்டிலும் தடவி எடுக்கக் கூடிய ஓர் ஆணியில் தொங்க வேண்டும். அந்த ஆணி எது என்பது வீட்டுப் பணிப்பெண் வரை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் எல்லாரும் கூடும் இடம் ஒன்று: எதிர்வீட்டு வாசலோ தெருமுனை விளக்குக் கம்பமோ. அங்கே தலையை எண்ணிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். எடுக்க மறந்த நகைக்கோ பத்திரத்துக்கோ எவரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

வாங்கும்போது பெட்டியில் ஐரோப்பியத் தரமான இஎன் 14604 அல்லது அமெரிக்கத் தரமான யுஎல் 217 அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். உள்ளூர் ஒப்புதல் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். தரக்குறியீடே இல்லாத மலிவுப் பொருள் இணையக் கடைகளில் நிறையக் கிடக்கிறது. உயிரைக் காக்க வாங்கும் பொருளில் பத்து ரிங்கிட் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சிலாங்கூர் மாநிலமும் கோலாலம்பூர் மாநகராட்சியும் வாடகைக்கு விடும் வீடுகளிலிருந்தும் மக்கள் வீடமைப்புத் திட்டக் குடியிருப்புகளிலிருந்தும் இதைத் தொடங்கலாம். விற்கும்போதோ வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதோ இயங்கும் கருவி இருக்கிறதா என்று கேட்பது பெரிய நிர்வாகச் சுமை அல்ல. கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மொத்தமாக வாங்கி, வசதி குறைந்த வீடுகளிலும் தனியாக வாழும் முதியோர் வீடுகளிலும் மாட்டிக் கொடுத்தால் அது அன்னதானத்துக்குக் குறைந்த தொண்டு ஆகாது.

தீபாவளிக்கு முன் எல்லா வீட்டிலும் ஒட்டடை அடிக்கிறோம், விசிறி துடைக்கிறோம். அந்த நாளையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். கருவி இருக்கும் வீட்டில் பொத்தானை அழுத்தி, பேட்டரியை மாற்றி, பின்பக்கத் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். இல்லாத வீட்டார், பட்டாசு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து இந்த ஆண்டே ஒன்றை மாட்டுங்கள்.